நீர் போனதும், எண்ணெய் வருமுன்

கழுவி முடித்த சிலிண்டரை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்க வருவது பலருக்கும் பழக்கம். தென்சென்னையின் கீழ்க்கட்டளை மாதிரி ஊரில் அந்த ஒரு டீ நேரம் போதும். திரும்பிப் போய்ப் பார்த்தால், வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்த உட்சுவரில் செம்மஞ்சள் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் விரலோடு வரும். துடைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் வைத்தால் மறுபடியும் பூக்கும்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், அப்பா வைத்திருந்த பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டைப் பிரித்துப் போட்டிருக்கிறான். மேடவாக்கம் மெயின் ரோட்டு டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நல்லாத் துடைச்சுட்டுத்தான் வெச்சேன். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. அப்புறம் எப்படிண்ணே துரு வந்துச்சு?" நியாயமான கேள்வி. இரண்டு டீ அளவுக்கு அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மழைக்காலம் முடிந்தால் இதே கேள்வியோடு பிளாக்கைக் கையில் ஏந்தி நிற்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். ஆனால் அந்த நீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காற்றில் இருக்கும் ஈரம் உலோகத்தின் மேல் மிக மெல்லிய படலமாகப் படிந்தாலே வேலை தொடங்கிவிடும். வெர்னன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை அளந்து பார்த்தார். புகையும் தூசும் கலந்த காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டும்போது, அதுவரை மெதுவாக நடந்த துருப்பிடித்தல் சட்டென்று வேகம் எடுக்கிறது. தென்சென்னையில் 60-க்குக் கீழே ஈரப்பதம் இறங்குவது, பெரும்பாலும் கடற்காற்று வருவதற்கு முந்தைய கோடை நண்பகல்களில்தான். மற்றபடி ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறோம். நவம்பர், டிசம்பர் காலைகளைச் சொல்லவே வேண்டாம்.

நீர்த்துளி ஒன்று இரும்பின் மேல் இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை 1920-களில் கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் அழகாகக் காட்டினார். இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீர், அவ்வளவுதான் அவருடைய சோதனை. சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாக நுழைகிறது. நடுவில் ஆக்சிஜன் குறைவு. இந்த வேறுபாடே அந்தச் சொட்டை ஒரு குட்டி பேட்டரி ஆக்கிவிடுகிறது. நடுவில் இரும்பு கரைகிறது. கரைந்தது ஓரத்தை நோக்கி வரும் வழியில் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. துரு வளையமாகத் தெரிவதும், அதைத் துடைத்த பிறகு நடுவில் ஒரு சிறு குழி மிஞ்சுவதும் இதனால்தான். சிலிண்டர் சுவரில் நமக்குப் பயம் அந்தக் குழியைப் பற்றித்தான்.

இனி வார்ப்பிரும்பு. பழைய புல்லட்டின் சிலிண்டர் முழுவதும் வார்ப்பிரும்பு. இன்றைய பல பைக்குகளிலும் கார்களிலும் வெளியே அலுமினியம் இருந்தாலும் பிஸ்டன் உரசும் இடத்தில் வார்ப்பிரும்பு லைனர்தான். இந்த இரும்புக்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாகக் கலந்திருக்கிறது. இன்ஜினுக்கு அது வரம்: கிராஃபைட் தானே வழுக்கும், எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் ஈரம் பட்டால் கிராஃபைட் ஒரு முனையாகவும் இரும்பு மறுமுனையாகவும் ஆகி, எவன்ஸ் காட்டிய பேட்டரி சுவர் முழுக்க ஆயிரக்கணக்கில் உருவாகிறது. எண்ணெய் இல்லாத வார்ப்பிரும்பு எவ்வளவு சீக்கிரம் சிவக்கும் என்று வீட்டில் தோசைக்கல் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். சிலிண்டரும் அதே உலோகம்தான். அதைக் கழுவியதும் செய்ய வேண்டியதும் அதேதான்.

"ஆனா பெட்ரோல்ல கழுவினாலும் சில சமயம் சிவக்குதே?" என்றான் தம்பி. இதற்குப் பதில் பலருக்கும் புதிதாக இருக்கலாம். பெட்ரோல் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது உலோகத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். குளிர்ந்த உலோகத்தின் மேல், பனி படிவதைப் போலவே, சுற்றியுள்ள காற்றின் ஈரம் நீராகப் படியும். நீரே தொடாமல் கழுவினோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். காற்று நீரைக் கொண்டுவந்து வைத்திருக்கும். ஈரமான நாளில் திறந்த வெளியில் பெட்ரோலில் கழுவி அப்படியே விட்டால் துரு வருவது இப்படித்தான்.

நம் பகுதிக்கென்று இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று உப்பு. கடல் இங்கிருந்து நேர்க்கோட்டில் பத்து கிலோமீட்டருக்குள்தான். அதைவிடப் பெரிய உப்பு, போர்வெல் தண்ணீரில் வருகிறது. குழாயைச் சுற்றி வெள்ளையாகப் படியும் அந்தத் தண்ணீரில் சிலிண்டரைக் கடைசியாக அலசினால், நீர் காய்ந்த பிறகும் உப்பு சுவரிலேயே தங்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதில் உள்ள குளோரைடு, இரும்பின் மேல் எந்தப் பாதுகாப்புப் படலமும் நிலைக்க விடாது. இன்னொன்று நம் கை. வியர்வையிலும் உப்பு, கூடவே அமிலமும். சுத்தமான சிலிண்டரை வியர்த்த கையால் பிடித்து வைத்தால், மறுநாள் அதே இடத்தில் கைரேகை துருவாக நிற்கும். மெஷின் ஷாப்புகளில் முடித்த உதிரிபாகத்தை வெறும் கையால் தொடவிடாததற்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமைப்பட ஒரு செய்தியும் இதில் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராயும் இந்தியாவின் முக்கியமான நிறுவனம் காரைக்குடியில்தான் உள்ளது: மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் கொடுத்தார், 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். நாட்டில் எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாக அரிக்கும் என்று இந்திய வரைபடமே தயாரித்தவர்கள் அவர்கள். மண்டபத்தில் கடற்கரையோரம் உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்துச் சோதிக்கும் நிலையமும் அவர்களுடையது. துரு என்பது விதி என்று விட்டுவிடாமல், அளந்து தடுக்கக்கூடிய ஒன்றாக அதைப் பார்த்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

நீர் இவ்வளவு ஆபத்து என்றால், சிலிண்டரை நீரில் கழுவவே கூடாது என்று முடிவுக்கு வருவது இயல்பு. பல மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்: "இன்ஜின் சாமான்ல தண்ணியக் காட்டாத." அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஹோனிங் செய்த சிலிண்டர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஹோனிங் என்பது, போர் சுவரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், உராய்வுக் கற்களைச் சுழற்றி மேலும் கீழும் ஓட்டி, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கீறல்களைப் போடுவது. அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்கும். புது பிஸ்டன் ரிங் சுவரோடு பொருந்துவதும் அதனால்தான். ஆனால் கீறல் போடும்போது கல்லின் பொடியும் இரும்புப் பொடியும் அதே கீறலுக்குள் புதைந்துகொள்ளும். கல் என்பது பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு. வைரத்துக்குச் சில படிகளே கீழே நிற்கும் கடினம். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றினால் எண்ணெய் கரைந்து ஓடிவிடும். பொடி கீறலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். இன்ஜினைப் பூட்டி ஓட்டினால் அந்தப் பொடி பிஸ்டனையும் ரிங்கையும் தேய்த்துவிட்டு, எண்ணெயோடு கலந்து பேரிங் வரை போகும். ரீபோர் செய்து (அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) ஆயிரம் கிலோமீட்டரில் புகை தள்ளும் வண்டிகளில், பல நேரம் குற்றம் ரீபோர் செய்தவர் மேல் இல்லை, கழுவியதில் இருக்கிறது.

அந்தப் பொடியைத் தூக்கி வெளியே கொண்டுவர சோப்பும் சுடுநீரும் பிரஷும்தான் வேண்டும். இன்ஜின் தயாரிப்பாளர்களின் கையேடுகளும் ஹோனிங்குக்குப் பிறகு இதையே சொல்கின்றன. ஆகவே நீரைத் தவிர்க்கப் பார்ப்பது வீண். நீர் வெளியே போனதற்கும் எண்ணெய் உள்ளே வருவதற்கும் நடுவே உள்ள சில நிமிடங்களைச் சுருக்கப் பார்க்க வேண்டும். துரு வருவது அந்த இடைவெளியில். என்னிடம் கேட்டால், கழுவத் தொடங்குவதற்கு முன்பே எண்ணெய் டின்னின் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வெளிப்புறக் கரியும் கிரீஸும் முதலில் மண்ணெண்ணெயில் போகட்டும். பிறகு ஒரு டப்பில் கை பொறுக்கும் சூட்டில் நீர், அதில் துணி துவைக்கும் பவுடரோ பாத்திரம் கழுவும் திரவமோ. கம்பி பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷ். போர் விட்டத்துக்குப் பொருந்தும் பாட்டில் பிரஷ் இருந்தால் நல்லது. கீறல்கள் போகும் சாய்விலேயே பிரஷை ஓட்டித் தேய்க்க வேண்டும். நுரை கறுப்பாக வரும். டப்பைக் கொட்டி, புது நீர் எடுத்து மறுபடி. நுரை வெள்ளையாக வரும் வரை. சோப்பு நீரில் இருக்கும் வரை அவசரம் வேண்டியதில்லை. துணி பவுடர் கலந்த நீர் காரத்தன்மை உடையது. காரத்தில் இரும்பு சோம்பிவிடும். சிமென்டுக்குள் இருக்கும் கம்பி வருஷக்கணக்கில் துருப்பிடிக்காமல் இருப்பதும் சிமென்டின் காரத்தால்தான். ஆனால் காஸ்டிக் சோடாவைத் தொடவே தொடாதீர்கள். அலுமினியம் பிளாக் என்றால் அதை அரித்துத் தின்றுவிடும்.

ஆபத்து தொடங்குவது அலசும்போது. கடைசி அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றுங்கள். கொதிநீருக்கு ஒரு தனி லாபம் உண்டு: சிலிண்டரே சூடாகிவிடும், அந்தச் சூட்டிலேயே மிச்ச நீர் ஆவியாகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசிய சிலிண்டர் குளிர்ந்து போய், காய்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் துருவுக்குத்தான். கனமான சிலிண்டரைச் சுடச்சுட பிடிக்க கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

போல்ட் ஓட்டைகளிலும் எண்ணெய் வழிகளிலும் தேங்கிய நீரை கம்ப்ரசர் காற்று ஊதி எடுக்க வேண்டும். இங்கே ஒரு சங்கடம். காற்றை அழுத்தும்போது அதன் ஈரம் நீராகி டேங்கின் அடியில் தேங்கும். பங்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதினால் சில நேரம் துருகலந்த நீர்த்தூறல்தான் வரும். ஊதுவதற்கு முன்பு டேங்கின் அடியிலிருக்கும் வால்வைத் திறந்து நீரை வெளியேற்றச் சொல்லுங்கள். பிறகு முதலில் உங்கள் உள்ளங்கையில் ஊதிப் பாருங்கள். கை நனையவில்லை என்றால் சிலிண்டரில் ஊதலாம்.

சூடு ஆறுவதற்குள் எண்ணெய். சாதாரண இன்ஜின் ஆயில் போதும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயில் மெல்லியது என்பதால் கீறலுக்குள் இன்னும் நன்றாக இறங்கும். திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் வெள்ளையாகப் பார்த்து எடுத்து, எண்ணெயில் நனைத்து உட்சுவரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வரும். பயப்பட வேண்டாம், அது துரு இல்லை, கீறலில் மிஞ்சிய பொடி. புதுத்துணி, புது எண்ணெய், மறுபடி. வெள்ளைத்துணி வெள்ளையாகவே திரும்பி வரும்போதுதான் சிலிண்டர் சுத்தம் என்று அர்த்தம். இந்தச் சோதனையை விடச் சிறந்தது எனக்குத் தெரியாது. நூல் வேஸ்ட் மட்டும் வேண்டாம். இழை பிய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

"டபிள்யூடி-40 அடிச்சா போதாதா?" எல்லோரும் கேட்பது. அது 1953-இல் அமெரிக்காவில் அட்லஸ் ஏவுகணையின் உடலைத் துருவிலிருந்து காக்கத் தயாரித்தது. பெயரிலேயே உள்ளது: நீரைத் தள்ளுவதற்கான நாற்பதாவது கலவை. நீரைத் தள்ளும் வேலையை அது நன்றாகச் செய்யும். எண்ணெய் தடவ ஐந்து நிமிடம் தாமதமாகும் என்றால் அடியுங்கள். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் மெல்லியது. நம் காற்றில் அதை மட்டும் நம்பி ஒரு வாரம் விட முடியாது. மேலே எண்ணெய் கட்டாயம்.

இதையெல்லாம் படிப்பதற்குள்ளாகவே உங்கள் சிலிண்டர் சிவந்துவிட்டதா? முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எதிலும் தட்டாமல் வழுக்கிப் போனால் அது மேல்துரு. நகம் தட்டினால் குழி. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மேல்துருவுக்கு எண்ணெயும் பொறுமையும் போதும். ஏடிஎஃப் ஆயிலை நிறைய ஊற்றி ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் துணியால் அழுத்தித் துடைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். வராத இடத்தில் பாத்திரம் தேய்க்கும் நைலான் பேடில் இருப்பதிலேயே மிருதுவானதை எண்ணெயில் நனைத்து, கீறலின் சாய்விலேயே மெல்லத் தேய்க்கலாம். மேலும் கீழும் நேராகத் தேய்த்தால் நீங்கள் போடும் கோடுகளின் வழியே கம்ப்ரஷன் கசியும். எமரி தாளை எடுக்காதீர்கள். பேடிலும் உராய்வுப் பொடி இருக்கிறது என்பதால், தேய்த்து முடித்ததும் சோப்பு நீர்க் கழுவலை முதலிலிருந்து செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் துருப்பொடியை உள்ளே விடுவது அதைவிட மோசம். இரும்பு ஆக்சைடு தங்கத்தையும் கண்ணாடியையும் மெருகேற்றப் பயன்படும் பொடி. அது இன்ஜினுக்குள் சுற்றினால் எதைத் தேய்க்கும் என்று பாருங்கள்.

சிலிண்டரைக் கழற்றாமல் வேலை செய்பவர்கள், குறிப்பாகக் கார்க்காரர்கள், நீர் முறைக்குப் போகவே கூடாது. கிராங்க் கீழே இருக்கிறது. எண்ணெயும் துணியும் மட்டுமே. பைக்கில் சிலிண்டரை எடுத்த பிறகு திறந்திருக்கும் கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணித்து வைப்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அமிலங்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாத்ரூம் கழுவும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், துருவை நொடியில் கரைக்கும், உண்மை. கூடவே நல்ல இரும்பையும் கரைக்கும், குளோரைடை உள்ளே விட்டுச்செல்லும், கழுவி நிமிர்வதற்குள் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். அதன் ஆவி பட்டே பக்கத்து அலமாரியில் இருக்கும் ஸ்பானர்கள் துருப்பிடிக்கும். சிலிண்டர் இருக்கும் அறையில் அந்தப் பாட்டிலைத் திறந்து வைக்கவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் போல்ட், நட்டுக்குச் சரி. ஊற வைத்து, சமையல் சோடா கலந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி வையுங்கள். அளவெடுத்துக் கடைந்த போர் சுவருக்கு வேண்டாம். இறுகிய இன்ஜினுக்குள் கோலா ஊற்றுவதைப் பற்றிப் பேசுபவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை. ரிங் பள்ளத்தில் பிசுபிசுவென்று ஒட்டப்போகும் சர்க்கரை அதைவிட அதிகம்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவங்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் பல டானின் சேர்ந்தவை. டானின் துருவோடு சேர்ந்தால் கரையாத கறுப்புப் படலமாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் மை செய்தது இதே வேதியியல். கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. ஃப்ரேமுக்கும் ஸ்டாண்டுக்கும் பெயின்ட் அடிக்கும் முன்பு தடவ அருமையான பொருள். போர் சுவரில் வேண்டாம். அங்கே எந்தப் படலமும் நிற்கக் கூடாது, எண்ணெயைத் தவிர.

துருவைப் பற்றி நாம் இவ்வளவு பேச வேண்டி வந்ததற்கு இன்னொரு பெரிய காரணம் வெள்ளம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடியும் தென்புறநகர்களை மூழ்கடித்தது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும். அந்த வழியெல்லாம் நாம் வீடு கட்டிக்கொண்டதால் நீர் முதலில் நம் பார்க்கிங்குக்கு வருகிறது.  

மூழ்கிய வண்டியில் செய்யும் முதல் தவறு, நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது. சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அதை அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளையும். ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் நீர் கலந்து வெளுத்துக் கூழாகிப்போன எண்ணெயை இன்ஜின் முழுக்க இறைத்ததாகத்தான் ஆகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கிக்கரை மெதுவாக மிதித்தால் நீர் பிளக் ஓட்டை வழியாக வெளியேறும். எண்ணெயை வடியுங்கள், புதிது ஊற்றுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஏடிஎஃப் ஆயில் இரண்டு மூடி ஊற்றி மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். மெக்கானிக் கிடைக்கப் பத்து நாள் ஆகலாம். 2015-இல் அதற்கு மேலும் ஆனது. ஆனால் இந்த அரை மணி நேர வேலையை முதல் நாளே வீட்டில் செய்துவிட்டால், காத்திருக்கும் நாட்களில் சிலிண்டர் பிழைத்துக்கொள்ளும். வெள்ள நீர் வெறும் மழைநீர் அல்ல; சாக்கடையும் சேறும் உப்பும் கலந்தது. அசையாமல் விட்டால், ரிங் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஒரே வட்டத்தில் துரு ஆழமாக இறங்கும். பின்னால் பிரித்துப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, அந்த வட்டம் மட்டும் நகத்தில் தட்டும்.

தட்டினால் தேய்த்துப் பயனில்லை. போரிங் ஒர்க்ஸுக்குக் கொண்டுபோங்கள். பழைய 350 புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர். பல வண்டிகளுக்கு 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கும். குழியின் ஆழத்தைப் பார்த்து எந்தப் படி போதும் என்று அவர்களே அளந்து சொல்வார்கள். குழி போகும் அளவுக்கு மட்டும் கடைவது நல்லது. ஒவ்வொரு படியும் சிலிண்டரின் ஆயுளிலிருந்து எடுப்பது. சில புதிய பைக்குகளில் இரும்பு லைனருக்குப் பதிலாக நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு இருக்கும். அது துருப்பிடிக்காது, ஆனால் அதைச் சாதாரணக் கல்லால் ஹோன் செய்யவும் ரீபோர் செய்யவும் முடியாது. எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

தம்பியின் சிலிண்டரில் நகம் தட்டவில்லை. பிஸ்டன் கிட் வந்து சேர இன்னும் சில வாரம் ஆகும் என்றான். அதுவரை எப்படி வைப்பது? எண்ணெயை நன்றாகத் தடவி, உதிரிபாகங்களைச் சுற்றி வரும் துருத்தடுப்புத் தாள் கிடைத்தால் அதில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு சேர்த்துக் கட்டி வைக்கச் சொன்னேன். வெறும் செய்தித்தாள் வேண்டாம். காகிதம் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டி வைக்கும். சிமென்ட் தரையிலும் வேண்டாம், பலகை மேல். பிஸ்டன் இன்ஜின் விமானங்களை நிறுத்தி வைக்கும்போது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் சிலிக்கா ஜெல் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் பிளக்கைத் திருகி வைப்பார்கள். ஈரத்தைக் குடித்ததும் நீலம் இளஞ்சிவப்பாக மாறும். வெளியிலிருந்து பார்த்தே மாற்றலாம்.

வெளிநாடு போகிறவர்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவிடம் தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்கிறார்கள். அது சிலிண்டருக்கு நல்லதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உருவாகிறது. இன்ஜின் முழுதாகச் சூடானால் அது சைலன்ஸர் வழியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் அதில் ஒரு பகுதி உள்ளேயே குளிர்ந்து சுவரில் வழியும். ஓட்டுவதானால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்; இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும். தொடாமல் விடுவதற்கு முன்பு எண்ணெயை மாற்றி, பிளக் ஓட்டையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பிளக் இல்லாமலே கிக்கரை நாலைந்து முறை மெதுவாகச் சுற்றுங்கள். பிளக்கைப் பூட்டிய பிறகு, கம்ப்ரஷன் காலில் தட்டும் இடம் வரை மிதித்து அங்கேயே நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே வர வழி இல்லை. சைலன்ஸர் வாயில் எண்ணெய்த்துணி அடைத்தால், துணி அடைத்திருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிட்டுப் போங்கள்.